இடது முன் சக்கரத்தின் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அம்மாவும் ஷெட்டில் இருக்கிற கம்ப்ரஸரும் நலம், மூன்று பேரில் கம்ப்ரஸருக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நீ பதறுவாய் என்று உன் அம்மா சொன்னாள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடிய ஒன்று ஆகாமல் தப்பியது, அவ்வளவுதான். அதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். பாதியில் நிறுத்தி அம்மாவுக்குப் போன் போட்டு மீதியைக் கேட்காதே.

தெருமுனைப் பல் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவர். அவர் எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறார். நீளமான வெள்ளை வண்டி, கதவில் கைப்பிடியே தெரியாது, கிட்டே போனால் தானாக வெளியே வந்து நம்மோடு கை குலுக்கும். இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காலிப் பெட்டி, அதில் டாக்டர் குடை வைத்திருக்கிறார். எல்லாம் சரி, கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரம் மட்டும் குக்கர் மூடி மாதிரி இருக்கிறது என்று அவர் வீட்டு அம்மா ஒரு நாள் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் மனிதர் எப்படித் தூங்குவார், எங்கிருந்தோ கறுப்பு அலாய் வீல் நான்கு வரவழைத்து, இருபத்தோரு இஞ்ச், டயரோடு நம் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். என் கடமைக்கு நான் எல்லாம் சொன்னேன், சக்கரம் பெரிதானால் ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் குறையும், சின்னப் பள்ளம்கூட முதுகுக்குத் தெரியும், பேட்டரியோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் கனம், இந்த வீல் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும் என்றேன். தாங்கும் என்று வீலின் உட்புறமே பொறித்திருந்தது. மற்றதற்கெல்லாம் அவர், வாயைத் திறந்து வைத்திருக்கிற நோயாளிக்குச் சொல்வது போல, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, அஞ்சே நிமிஷம்தான் என்று எனக்கே தைரியம் சொன்னார்.

அஞ்சு நிமிஷம் இல்லை, அரை நாள் ஆனது. அந்த வண்டிக்கு அடிவயிறு முழுக்க பேட்டரி, கண்ட இடத்தில் ஜாக்கி கொடுத்தால் போச்சு, அதற்கென்று நான்கு குழி விட்டிருக்கிறான், அதில் ரப்பர் கட்டை சொருகித்தான் தூக்கவேண்டும். தூக்கினேன். வீலின் நடு ஓட்டை வண்டியின் அச்சைவிடக் கொஞ்சம் பெரிது, இடைவெளிக்கு வளையம் போட்டேன். பேலன்ஸ் பார்த்து, சக்கரம் ஆடாமல் ஓடுவதற்கான ஈய வெயிட்டை வீலின் உள்பக்கம் ஒட்டினேன். நட்டை நட்சத்திரக் கணக்கில் மாற்றி மாற்றி முறுக்கினேன். எல்லாம் முடிந்ததும், நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய், ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்று கேட்பேன், உரசல் இருக்கிறதா, இடிக்கிறதா என்று. நான்கையும் கேட்டேன். கோவில் மாதிரி அமைதி. எனக்கு அப்படி ஒரு திருப்தி. அலைன்மென்ட் பார்க்கிற பையன், மில்லிமீட்டர் என்று நாம் பட்டப்பெயர் வைத்தோமே அவன், பக்கத்தில் நின்று ஏதோ சொன்னான், நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியை இறக்கிவிட்டேன். அண்ணே, முன்னாடி இடது சக்கரத்துல டிக் டிக்னு ஏதோ தட்டுது என்று அவன் சொன்னானாம். அதற்குத்தான் நான் தலையாட்டியிருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் கிளினிக்கில் இருந்து நேராக, மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் வந்தார். கையைக் காட்டி இடது முன் சக்கரம் என்று சைகை செய்தார். சரி, ஒரு சுற்று போய்ப் பார்ப்போம் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ரவுண்டானா வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அவர் என் பக்கம் திரும்பித் திரும்பி என்னவோ கேட்டுக்கொண்டே வந்தார், நான் ஓகே டாக்டர், ஓகே டாக்டர் என்றேன். இறங்கியதும், ஒரு சத்தமும் இல்லை, இந்த வண்டி ஓசையில்லாமல் ஓடுவதால் உங்களுக்கு டயர் ஓடுகிற சத்தமே பெரிதாகத் தெரிகிறது, போகப் போகப் பழகிவிடும் என்று நானே விளக்கமும் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு, வண்டி தெருவில் திரும்பும்போதே டிக் டிக் கேட்டதாம். அவருக்குத் தெரியாதா என்ன, சரி செய்யத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து அவள் அடுத்த துணியை எடுத்துவிட்டாள்.

நான்காம் நாள் டாக்டர் பெரிய ரோட்டில் நூறில் போயிருக்கிறார், பக்கத்தில் அவர் வீட்டு அம்மா. திடீரென்று ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆட ஆரம்பித்திருக்கிறது. பின்னால் லாரி. நிதானமான மனிதர், பிரேக்கை மிதிக்காமல் காலை மட்டும் எடுத்து, ஓரம் கட்டிவிட்டார். வேறு யாராவது ஓட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வண்டியை உருட்டிக்கொண்டு மெதுவாக ஷெட்டுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. கிளினிக்கில் வைத்திருப்பாரே, சின்ன ஸ்டீல் தட்டு, அதில் பஞ்சு விரித்து, மேலே என் ஈய வெயிட்டை வைத்து நீட்டினார், பிடுங்கின பல்லை நமக்குக் காட்டுவாரே அதே மாதிரி. பாதிதான் இருந்தது, வீலுக்கு உள்ளேயே சிக்கியிருந்ததாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பரில் பளபளவென்று ஒரு கோடு. வெயிட்டை இரண்டு விரல் உள்ளே தள்ளி ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை. சுற்றுக்கு ஒரு தட்டு தட்டி, தட்டித் தட்டி அதைப் பிய்த்துப் போட்டிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் தப்பாக ஒட்டினது இது முதல் தடவை இல்லை பாப்பா, எல்லாருக்கும் நடக்கிறதுதான், அதற்குத்தான் சுற்றிவிட்டுக் கேட்கிறோம். கேட்டும் பார்த்தேனே, ஒன்றும் காதில் விழவில்லையே என்பதுதான் என்னைக் கொன்றது. அவமானமாக இருந்தது. அப்படியே ஷட்டரை இறக்கிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

புதிதாக வெயிட் ஒட்டி, விரலை விட்டு இடைவெளி பார்த்து, மில்லிமீட்டரைச் சுற்றிவிட்டுக் கேட்கச் சொல்லி, மாட்டிக் கொடுத்தேன். டாக்டர் கிளம்பவில்லை. பையில் இருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஓகே டாக்டர் என்றேன். மாஸ்க்கைக் கழற்றினார். இப்ப மணி என்னன்னு கேட்டேன் என்றார். அன்னைக்குக் கார்லயும் இதையேதான் மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் ஓகேன்னு சொன்னீங்க, நீங்க காதால கேட்கறதில்லை, என் வாயைப் பார்த்துக் கேட்கறீங்க, எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் ஒருத்தர் இருக்கார் என்றார். எனக்குக் கோபம் வந்தது. கம்ப்ரஸர் ஓடுகிற இடத்தில் யாருக்குத்தான் கேட்கும் என்றேன். கம்ப்ரஸர் ஆஃப்ல இருக்கு என்றார்.

போனேன். அலமாரி மாதிரி ஒரு அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாவம் அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரமப்படுகிறதே என்று நானும் விட்டு விட்டு அழுத்தினேன். அது கதவைத் திறந்து, சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றது. வலது காது பாதிக்குமேல் போய்விட்டது, இடது காது அதற்குத் துணைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நட்டுக் கழற்றும் ஏர் கன்னும் கம்ப்ரஸரும் வருஷக்கணக்கில் செய்த வேலை. ஒரே நாளில் போனதில்லையாம். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று காது டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஷெட்டில் இருந்து எந்த வண்டி இறங்கினாலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது நீ. பின்னாடி வலது பக்கம் முனகுதுப்பா என்று நீ என் முகத்துக்கு நேராக வந்து சொல்வாய், நான் பிரிப்பேன். உனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும், அதனால் ஓட்டுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். என் காது நீதான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காது டாக்டரிடம் போய்வந்த அன்று உன் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வாயை நன்றாகத் திறந்து, எட்டு மாசத்துக்கு முன்னாடி அவ போன்ல என்ன கேட்டான்னு தெரியுமா என்றாள். நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன், போனை அம்மாவிடம் கொடுத்தேன், அதுதான் எனக்குத் தெரியும். என்மேல இன்னும் கோபமாப்பா, நான் இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாதோ என்று கேட்டாயாம். நான் ஆமாம்மா, ஆமாம், உடம்பைப் பார்த்துக்கோ என்றேனாம். நீ அழுது அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவளும் நான் மனசறிந்து சொன்னதாகவே நினைத்து எட்டு மாதமாக எனக்கு ஆறின காபி கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் அடுப்பில் கோளாறு என்று நினைத்து பர்னரை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசக் கேட்கவே இல்லை, அப்பா சாப்பிட்டாரா என்று அவளிடம் கேட்பதோடு சரி. நானும் அதை நல்லதென்று விட்டுவிட்டேன். போனில் உன் வாய் தெரியாது, ஒன்றும் புரியாது, லைன் கோளாறு என்று நினைத்துக்கொள்வேன், ஏதாவது உளறி உன்னைச் சிரிக்க வைப்பேனோ என்று பயம். அழ வைத்திருக்கிறேன் என்று தெரியாது.

பொய் சொல்லமாட்டேன், நீ கிளம்பின அன்று கோபம் இருந்தது, அதனால்தான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, லிஃப்டில் வண்டி நின்றதாகச் சொன்னது சும்மா. அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் தேடினேன், காணோம். நீ போனது சரி. உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது, அது வேறு, அது உன் தப்பு இல்லை.

நேற்று மெஷின் மாட்டிவிட்டார்கள். ஃபிரிட்ஜ் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா அடுப்படியில் என்னைப் பற்றி முணுமுணுப்பதும் கேட்கிறது, அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, பல தகவல் கிடைக்கிறது. காபி சூடாக வருகிறது. டாக்டர் வண்டி நூறு கிலோமீட்டர் ஓடி நட்டு முறுக்கம் பார்க்க வந்தது, நானே ஓட்டிப் பார்த்தேன், டயர் தார் ரோட்டில் போகிற சத்தம் மட்டும்தான். உண்மையிலேயே நல்ல வண்டி.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஹெட்போனைச் சத்தமாக வைத்துக் கேட்காதே, இதை அனுபவஸ்தன் சொல்கிறேன். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, தலைநிமிர்ந்து இருக்கவேண்டும், என் முழு ஆசியும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு, நான்தான் எடுப்பேன், கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசு. அன்றைக்குக் கேட்ட கேள்வியை அப்படியே இன்னொரு தடவை கேள். இந்தத் தடவை காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா