விசிலில் உடைந்த குட்டு

மார்ச் 4, புதன்

மருந்துக்கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துக் கண் பூத்துப்போனது. ஆனாலும் சாயங்காலம் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மரச்சாமான் கடையின் பின்னறையில்தான் எங்கள் ஜாஸ் குழு கூடுகிறது. கடை முதலாளி பியானோ. எங்கள் தலைவரும் அவரே. ட்ரம்ஸ் என் நாத்தனார்.

முதலாளி இன்று குண்டைத் தூக்கிப் போட்டார். இருபத்தொன்றாம் தேதி காபிக்கடையில் எங்கள் முதல் கச்சேரி. நடுவில் நான் மட்டும் தனியாக வாசிக்க ஓர் இடம். "அந்த நிமிஷத்துல தோணுறதை வாசிக்கணும். எழுதி வச்சு வாசிக்கிறதுக்கு ஜாஸ் எதுக்கு? முடியலைன்னா சொல்லிடுங்க, கிளாரினெட்காரரைக் கூப்பிட்டுக்கிறேன்."

அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன். அவ்வளவு ஆசை. இந்த வயதிலா? ஆமாம், இந்த வயதில்தான்.

மார்ச் 8, ஞாயிறு

தோன்றுவதை வாசிக்க வேண்டுமாம். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லையே! அதனால் வீட்டிலேயே ஒன்றை உருவாக்கி, காலையும் மாலையும் உருப்போடுகிறேன். அப்போதுதான் தோன்றியது மாதிரி இருக்கட்டும் என்று நடுவில் ஒரு தயக்கம்கூடச் சேர்த்திருக்கிறேன். நான் கெட்டிக்காரிதான்.

மார்ச் 11, புதன்

மானம் போயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தேன். முதலாளியின் முகம் மலர்ந்தது. என்னை அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கதவோரம் நின்று, என்னோடு சேர்ந்து விசிலடிக்க ஆரம்பித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. அந்தப் பொய்த் தயக்கத்தில்கூடச் சரியாக நின்று சரியாகத் தொடர்ந்தார். வீட்டில் கேட்டுக் கேட்டு, பாவம், அவருக்கும் மனப்பாடம்.

முதலாளி பியானோவிலிருந்து கையை எடுத்தார். "இப்பதான் பொறந்த பாட்டு. உங்க வீட்டுக்காரருக்கு எப்படிங்க முன்னாடியே தெரியும்?"

நாத்தனார் ட்ரம்ஸ் மேல் கவிழ்ந்து சிரித்தாள். இவரோ, "ஏன், நல்லாத்தானே விசிலடிச்சேன்?" என்கிறார். என்ன மனுஷன்!

அடுத்த புதன்வரை முதலாளி அவகாசம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

மனப்பாடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். காற்றுதான் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். சமையலறை மேசையில் குச்சிகளால் தட்டிவிட்டு, "பதில் சொல்லுங்க அண்ணி" என்றாள். வாசித்தேன்.

"நான் கேட்டதுக்கு இது பதிலே இல்ல. நான் தட்டி முடிக்கிறதுக்குள்ள யோசிச்சு வச்சுட்டீங்க."

"பின்ன என்னடி பண்ணச் சொல்ற?"

"இதை யோசிச்சா கேட்டீங்க? என்கிட்ட சண்டை போடுறப்ப என்னைக்காவது எழுதி வச்சுப் பேசியிருக்கீங்களா? வாய் அதுபாட்டுக்கு வருதுல்ல?"

சாக்ஸபோனை மறுபடி வாயில் வைத்தேன்.

மறுபடி தட்டினாள், வம்புக்கு இழுக்கிற மாதிரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பதிலுக்கு ஊதினேன். அவள் சீண்ட, நான் ஊத, அவள் இன்னும் சீண்ட — வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவர் அடுப்பில் இருந்ததைத் தீயவிட்டார். யார் கவலைப்பட்டார்கள்? ஐயோ, என்ன சந்தோஷம்!

மார்ச் 18, புதன்

வாசித்தேன். முதலாளி கிளாரினெட்காரருக்குப் போன் போடவில்லை.

மார்ச் 21, சனி

காபிக்கடையில் உட்கார இடமில்லை. என் முறை வந்தது. மூன்றாவது சுரமே தப்பு. முன்பென்றால் அங்கேயே செத்திருப்பேன். நாத்தனார் விடவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று அதட்டுவது போல டக் டக்கென்று தட்டினாள். நான் மட்டும் விடுவேனா? அதே தப்பை இன்னும் உரக்க ஊதினேன். முதலாளி சிரித்துக்கொண்டே பியானோவில் அந்தச் சுரத்துக்குப் பொருந்துகிற சுரக்கூட்டு ஒன்றை அடியில் சேர்த்தார். தப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் நான் எங்கெங்கே போனேன், எப்படித் திரும்பி வந்தேன், எதுவும் தெரியாது. கைதட்டல்தான் காதில் விழுந்தது.

முடிந்ததும் காபிக்கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல தனியா வாசிச்சீங்களே, அடுத்த சனிக்கிழமையும் அதை வாசிப்பீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "இவங்க வருவாங்கம்மா. அது வராது."

வீட்டுக்கு வந்து முனகிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட நினைவில்லை. போனால் போகட்டும்.