ஒன்பது தரம் அழுத பாடகி

அன்புள்ள ஐயாவுக்கு,

ரொறன்ரோவில் நான் சுகம். அம்மா போன பிறகு பிரஷர்க் குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

நேற்று ஒரு படப்பிடிப்பில் சாப்பாடு பரிமாறினேன். நூறு வருடத்துக்கு முந்திய ப்ளூஸ் பாடகர்களின் கதை. தாய் செத்த செய்தியோடு மேடையேறிப் பாடுகிறவளாக ஒருத்தி நடித்தாள். கிட்டார்க்காரராக நடித்த கிழவர், அவளைப் பாராமலே வாசித்து அழுதார். ஒன்பது தரம் எடுத்தார்கள். ஒன்பது தரமும் அவள் குரல் உண்மையாகவே உடைந்தது. என் கையிலிருந்த தட்டம் விழுந்து நாலு கோப்பை உடைந்துபோய்விட்டது. ஒருவரும் ஏசவில்லை, யோசிக்க வேண்டாம்.

கடைசியில் இயக்குநர், "போதும், வா" என்று போர்வை போர்த்தி அவளைக் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு நான் வைக்கவேண்டிய கொள்ளியைப் பெரியப்பாவின் மகன் கஜீபன் அண்ணை வைத்ததைப் போனில் பார்த்துவிட்டு, அன்றும் வேலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு பரிமாறினேன். "எல்லாம் வடிவாய் முடிஞ்சுது, யோசியாதை" என்றீர்கள். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் அவர்தான் நிற்பார். அகதி வழக்கு முடியாமல் வெளிக்கிட்டால் என்னைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

அம்மா இடித்த மிளகாய்த்தூள் மிச்சமிருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிறது. அடுத்தமுறை கதைக்கும்போது, "போதும், வா" என்று எனக்கு ஒருக்கால் சொல்லுங்கள், ஐயா. என்னால் வர ஏலாது. என்றாலும் சொல்லுங்கள்.

உங்கள் மகன்
மயூரதன்