தயிர்க்காரியின் அமெரிக்கக் கரண்டி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.08.2024

அன்புள்ள இரத்தினத்துக்கு,

நான் நல்ல சுகம். நீரும் நம் மகள் சோபனாவும் மருமகனும், பிறந்து நாற்பது நாளான பேரனும் அங்கே கனடாவில் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். போனில் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், எனக்குக் கதை வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிரிக்காமல் வாசியும். என் பழைய கரண்டிச் சேகரிப்புக்காகப் பதினொரு வருடமாக நான் தேடிய அமெரிக்க நாணய வெள்ளிக் கரண்டியைக் கண்டுவிட்டேன். கொழும்பு ஏலத்தில் இல்லை, நம் வீட்டு வாசலில், தயிர்ச் சட்டிக்குள்!

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் எருமைத் தயிர் கொண்டுவரும் நபீஸாவை உமக்குத் தெரியும்தானே. போன செவ்வாய் ருசி பார்க்கச் சொல்லி ஒரு கரண்டித் தயிரை என் உள்ளங்கையில் வைத்தார். என் கண் கரண்டியில்தான் நின்றது. கறுத்துப் போயிருந்தாலும், நுனி தேய்ந்த இடத்தில் பித்தளை தெரியவில்லை, உள்ளேயும் வெள்ளைதான். கழுவித் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்து வெள்ளியில் இருக்கும் சிங்க முத்திரை இல்லை. காம்பின் பின்புறம் சின்னக் கட்டத்துக்குள் ‘ஈ. ஹாலோவெல்’ என்று தட்டாரின் பெயர். பக்கத்திலேயே ‘கொயின்’ என்ற சொல். வெள்ளிக் காசு என்ன தரமோ அதே தரத்தில் செய்தது என்பதற்கு அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டார் குத்திய அடையாளம் அது.

“ஐயாவுக்கு ஆசையெண்டா எடுங்க, எனக்கொரு எவர்சில்வர் கரண்டி தந்தாக் காணும்” என்றார் நபீஸா.

நான் குசினிக்குள் போய் உம்முடைய கரண்டி ஒன்றை எடுத்தும்விட்டேன். உம்மைத் தவிர வேறு ஒருவரிடமும் இதைச் சொல்லமாட்டேன்: வாசல் வரைக்கும் நான் கள்ளனாகத்தான் நடந்தேன். அந்த மனுசி வெயிலில் சட்டிக்கு ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் ஏலாமல் போய்விட்டது. அது என்ன கரண்டி என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“அப்ப நான் இவ்வளவு காலமும் வெள்ளியாலயா தயிர் அள்ளின?” என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். பிறகு கரண்டியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, தங்கச்சிமார் இரண்டு பேரிடமும் இதேபோல் இருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

சனிக்கிழமை பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். பாயில் மூன்று கரண்டிகளையும் வரிசையாக வைத்தார்கள். அவர்களுடைய உம்மாவின் வாப்பாவுக்கு ஒரு கப்பல்காரன் கொடுத்தவையாம், உண்மையோ தெரியாது. நபீஸாவுடையதிலும் நடுத் தங்கையுடையதிலும் ஒரே தட்டார் பெயர், முன்புறத்தில் பழைய சொந்தக்காரருக்காகச் செதுக்கிய ஒரே இரண்டு பெயரெழுத்து. கடைக்குட்டி சுஹைராவின் கரண்டிதான் நல்ல மினுக்கம். கண்ணாடியை வைத்தால், முலாம்! சுஹைரா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். தன் பங்கைத் தொலைத்துவிட்டு, உம்மா ஏசுவா என்று பயந்து கடையில் வாங்கி வைத்தாளாம். இருபது வருட இரகசியம்! அக்காமார் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும்தான்.

எனக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்க மனமும் வரவில்லை. அந்த வெள்ளிக் கரண்டி ஒன்றாலேயே எனக்கு வட்டிலப்பம் சாப்பிடத் தந்தார்கள். இரத்தினம், எத்தனை கரண்டிகளை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்! ஒன்றாலாவது நாம் ஒரு வாய் சாப்பிட்டோமா? வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, உமக்கொன்று எனக்கொன்று என்று நல்லதாக இரண்டு எடுத்துச் சாம்பல் போட்டு மினுக்கினேன்.

நீர் அங்கேயே நிரந்தரமாக நிற்கச் சோபனா விண்ணப்பம் போடப் போகிறாள் என்று மருமகன் சொன்னார். பிள்ளைக்கு நீர் வேணும், எனக்கு விளங்குகிறது. யோசித்து முடிவெடும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சோறும் இப்போது குழைவதில்லை.

பேரன் நீண்ட ஆயுளோடு வளரட்டும். என் முத்தத்தை அவன் நெற்றியில் வையும். கரண்டி இரண்டும் மேசையில்தான் இருக்கின்றன. நான் இன்னும் கையாலேயே சாப்பிடுகிறேன்.

என்றும் உம்முடைய,
தவராசா