சத்தம் போடாத பெட்டி

அன்புள்ள கப்பல்காரிக்கு,

நானும் வாலுவும் நலம். நீ அனுப்பிய மெமரி கார்டு போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ஐம்பத்தெட்டு நாள் பேசியிருக்கிறாய். எண்ணியது நான் இல்லை, உன் மகள் வாலுதான். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போயிருக்கிறதே, அம்மாவுக்குக் காய்ச்சலா என்று என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள். கேபிள் வேலை ஓயாமல் இருந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மைதானா என்று எழுது.

கடலுக்கடியில் இண்டர்நெட் கேபிள் இணைக்கிறவள் வீட்டுக்குப் பேச, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் சாமான் படகில் கார்டு கொடுத்து அனுப்புகிறாள் என்றால் எங்கள் காது கிளினிக்கில் யாரும் நம்புவதில்லை. "ஊருக்கெல்லாம் லைன் இழுத்துக் குடுக்கறாங்க, சொந்த வீட்டுக்கு ஒரு லைன் கிடையாதா?" என்று ரிசப்ஷன் அக்கா கேட்டார். கப்பலில் இருப்பது வேலைக்கான லைன் மட்டும்தான் என்று பதினைந்து மாதமாக எல்லோருக்கும் விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் இந்த வரியைப் படித்த பிறகு உனக்கு இருப்புக்கொள்ளாது, கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். அதனால் இப்போதே சொல்கிறேன்.

நீ அனுப்பும் கார்டுகளைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, கார்டைக் காலி செய்து உனக்குத் திருப்பி அனுப்புகிறேன் அல்லவா. கம்ப்யூட்டரோடு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டி, இதில் இருப்பதெல்லாம் அதிலும் தானாகவே ஏறும்படி செய்துவைத்திருந்தேன். இரண்டு இடத்தில் இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். போன மாதம் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. டிஸ்க்கில்தான் இருக்கிறதே என்று முதல் இரண்டு கார்டில் வந்தவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். இங்கே ஏறுவது அங்கேயும் ஏறும் என்று தெரிந்த எனக்கு, இங்கே அழிவது அங்கேயும் அழியும் என்று தோன்றவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த டிஸ்க்கும் என் பேச்சைத் தட்டாமல் எல்லாவற்றையும் அழித்து முடித்திருந்தது. அழிந்ததை மீட்டுக் கொடுப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எட்டு நாள் வைத்திருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

முதல் நாலு மாதம் போய்விட்டது. வாலுவின் பிறந்தநாளுக்கு மேல்தளத்தில் நின்று நீ கத்திப் பாடினாயே, அதுவும் அதில்தான் இருந்தது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறேன். நல்ல செய்தி, புதிதாக ஒரு பெட்டி கட்டுகிறேன். உன் பதிவுகளைச் சேர்த்துவைக்க, நம் வீட்டுக்கென்றே ஒரு சின்ன சர்வர். உள்ளே இரண்டு டிஸ்க், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். என் விரலிலிருந்து காப்பாற்ற மூன்றாவது ஒன்று. அதை வாரம் ஒருமுறை மாட்டி, நகல் எடுத்து, கழற்றி, உன் அக்கா வீட்டு அலமாரியில் பூட்டிவைக்கப் போகிறேன். சாவி உன் அக்காவிடம் இருக்கும். என்னை நம்பாதே என்று நானே சொல்லிவிட்டேன், அவரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தப் பெட்டி சத்தம் போடக் கூடாது. அதுதான் முதல் நிபந்தனை. உன் கேபினில் இன்னொரு பெண் இரவு வேலை முடித்துத் தூங்குகிறாள் என்று நீ எப்போதும் ரகசியக் குரலில்தான் பேசுகிறாய். இங்கே நம் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. பெட்டியும் அங்கேதான் நிற்கவேண்டும், வாலுவும் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே உன்னைக் கேட்கிறாள். பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் உன் வாக்கியத்தில் பாதி காணாமல் போய்விடும். அவள் ஸ்பீக்கர்மேல் காதை ஒட்டிக்கொள்வாள். பிறத்தியார் காதையெல்லாம் சோதிக்கிற எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

உன் அக்கா வீட்டுக்காரர் வழக்கம்போல முதல் ஆளாக வந்து குதித்தார். அவர் கொண்டுவந்த பெட்டி கண்ணாடியில், ஆறு ஃபேன், ஒவ்வொன்றிலும் ஏழு கலர் விளக்கு. "இதப் பாத்தா அப்படியே அசந்துருவீங்க மாப்ள!" என்றார். அசந்துதான் போனேன். மாட்டிப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. அவர் மனம் நோகாமல் அதைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

பிறகு நானே அலைந்தேன். பிராசஸர் வேகமானது வேண்டாம் என்று முடிவுசெய்தேன். வேகம் வந்தால் சூடு வரும், சூடு வந்தால் ஃபேன் வரும். அதனால் வெறும் அலுமினியப் பட்டையிலேயே குளிர்ந்துகொள்ளும் சின்னதாக ஒன்று. பவர் சப்ளை லேப்டாப்புக்கு இருப்பதுபோல் வெளியே தனிக் கட்டியாக. டிஸ்க்குகளுக்குக் கொஞ்சம் காற்று வேண்டுமே என்று ஒரே ஒரு பெரிய ஃபேன். சின்ன ஃபேன் பறந்து பறந்து செய்யும் வேலையைப் பெரியது சாவகாசமாகச் செய்துவிடும். டிஸ்க் நடுங்கினால் தகரம் அதிரும் என்பதால் ஒவ்வொரு திருகுக்கும் அடியில் ரப்பர் வாஷர். டிஸ்க்கும் மெதுவாகச் சுற்றும் வகையாகத்தான் வாங்கவேண்டும் என்று முடிவுசெய்தேன்.

கடையில் எல்லா ஃபேனுமே "சத்தமே வராது சார்" ரகம்தான். அதனால் நான்கு ஃபேனைச் சோதித்துப் பார்க்க வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் காது சோதிக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டுக் கேட்டேன். உன் பதிவு ஒன்றையும் கூடவே ஓடவிட்டேன். ஃபேன் உன் குரலுக்குக் கீழே இருக்க வேண்டும், அதுதான் அளவு. மூன்று ஃபெயில். நாலாவது பாதியில் இருக்கும்போது டாக்டர் கதவைத் திறந்து, யாருக்கு டெஸ்ட் என்று கேட்டார். இந்த ஃபேனுக்கு என்றேன். ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நல்ல மனுஷன்.

நாலாவது பாஸ். அந்த அறையில், அந்த ஃபேன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, நீ பேசியது எல்லாம் கேட்டது. பேச்சுக்கு நடுவில் நீ எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அடுத்த நோயாளியை அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை

நாளை சாமான் படகுக்குத் தபால் பை கிளம்புகிறது. எழுதவேண்டியதை இன்னும் எழுதவில்லை.

பெட்டி தயார். டிஸ்க் மட்டும் இல்லை. நேற்று பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, வருஷத்துக்கு எவ்வளவு சேரும் என்று கேட்டார். குரல் அவ்வளவு இடம் பிடிக்காது, கடல் வீடியோதான் எடுத்துத் தள்ளுகிறாள், அதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது என்றேன். கணக்குப் போட்டார். "சின்னது ஒரு வருஷத்துக்கு வரும். பெருசு நாலஞ்சு வருஷம் தாங்கும். அவங்க எத்தன வருஷம் அங்க இருப்பாங்க?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். கேட்டுவிட்டு வருகிறேனாம்! மூன்று மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று நீ போன கார்டிலேயே கேட்டிருந்தாய். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டிருந்தாய். நான் இங்கே உட்கார்ந்து ஃபேனைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் இஷ்டம் என்று எழுதத்தான் நினைத்தேன். அந்தக் கப்பலில் கேபிள் இணைக்கும் ஒரே பெண் நீ. அந்த இடத்துக்கு வர நீ யார் யாரோடு மல்லுக்கு நின்றாய் என்று எனக்குத் தெரியும். போ போ என்று பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியதும் நான்தான். இப்போது வா என்றால் எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் இன்று மாலை நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. வாலுவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அம்மா விளையாட்டு விளையாடினார்கள். முதலில் அந்தக் குழந்தை அம்மா. பொம்மையை அதட்டினாள், சிரித்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு நம்மவள் முறை வந்தது. பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, வாயைக் கையால் மறைத்தபடி, ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தாள். சத்தமாப் பேசு, கேக்கல என்று அந்தக் குழந்தை சொன்னது. அதற்கு வாலு, "அம்மான்னா இப்படித்தான் பேசணும். உனக்குத் தெரியாது" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நீ என்னைக் கூப்பிட்டால் தெருக்கோடிவரை கேட்குமே. அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஆதாரத்தையும் நான் அழித்துவிட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. வேலையை விடு என்று சொல்லவில்லை, கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பலாகக் கேள். நீ போட்டுவிட்டாலும் என் அன்பு ஒரு இம்மியும் குறையாது. நானும் வாலுவும் இங்கேதான் இருப்போம், கார்டு வந்தால் எண்ணிக் கேட்போம். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி, உன் இஷ்டம் என்று எழுத எனக்கு வரவில்லை. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை போடாமல் கேபிளைத் தொடாதே. கடலும் காற்றும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அடுத்த படகில் ஒரே வரி எழுதி அனுப்பு, போதும். பெரிய டிஸ்க் வாங்கச் சொல்லிவிடாதே.

உன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்