லயமே ஏசிய நடிகை

அன்பு ஞானேஸ்வரிக்கு,

கத்தாரில் நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

சினிமா விருது யாருக்கு என்று எங்கள் அறையில் பெரிய வாக்குவாதம். தோற்றவர்கள் ஆளுக்கு ஒரு வாரம் சமைக்க வேண்டும். எல்லோரும் கதாநாயகியைச் சொன்னார்கள். நான் மட்டும் கொடுமைக்கார மாமியாராக நடித்தவளைச் சொன்னேன். "வில்லிக்கு யாருடா விருது குடுப்பாங்க?" என்று பண்டாரவளை பஸீல் சிரித்தான்.

நீ போனில் சொன்னதை நம்பித்தான் சொன்னேன். "நம்ம தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு அவள ஏசுறாங்க. கருப்பம்மாக்கா வாசல் மண்ண அள்ளி டிவி மேலயே தூத்தி ஏசிட்டாங்க. அப்ப அவளுக்குத்தான் கெடைக்கும், பாருங்க" என்றாயே, அவளுக்கே கிடைத்தது!

இந்த வாரம் பஸீல் சமைக்கிறான். குழம்பில் காரமே இல்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் நீ வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

மேடையில் அந்த நடிகை தன் புருஷனுக்கு நன்றி சொல்லி அழுதாள். எனக்கும் உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆறு பேர் இருக்கும் அறையில் போனில் சொல்ல வெட்கம். பிள்ளைகளையும் என் அம்மாவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாய். நன்றி, ஞானம்.

கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. இதை வாசித்துவிட்டுப் போனில் எதுவும் கேட்காதே, பக்கத்தில் பஸீல் இருப்பான்.

யோகராஜ்