ஜன்னல் எந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். நலமறிய ஆவல் என்பது முழு உண்மை. முதல் சொல்லை எழுதப் போனால் பேனா நகரமாட்டேன் என்கிறது, அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பயந்துவிடாதே, யாரும் படுத்த படுக்கையாக இல்லை. அப்பா கடைக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருக்கிறார், தனியாக அனுப்பவில்லை, வேன்காரரோடுதான். மிஷின் சூடாகிக்கொண்டிருக்கிறது, பேக்கிங் அக்கா பின்னறையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் வருவதற்குள் இதை எழுதிப் பார்சலுக்குள் வைத்து ஒட்டிவிட வேண்டும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், மாடிக்குப் போய்ப் பேசினால் பின்னாலேயே வந்து வாலுவா, நானும் பேசணும் என்று நிற்கிறார். அங்கே வெளிநாட்டில் ஓட்டல் வரவேற்பில் நாலு பேரை மேய்க்கிற பெரிய அதிகாரியாக இருந்தாலும் அவருக்கு நீ இன்னும் வாலுதான்.

மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், நீ சொன்னால் கேட்கமாட்டார். நீயும் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. இங்கே தொழில் நன்றாகத்தான் போகிறது, அதில் குறை சொல்ல முடியாது. கப்பிலும் துணியிலும் பெரிய ஓவியர்கள் படத்தை அச்சடித்துக் கொடுக்கிறோம் என்று பேர், எல்லாருக்கும் அந்தச் சூரியகாந்திப் பூதான் வேண்டும். பாத்திரம் துடைக்கிற துணியில் சூரியகாந்தி, ட்ரேயில் சூரியகாந்தி, எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்தாலே கண் கூசுகிறது. உலகமே பார்க்கிற ஓவியத்தில் உதட்டோரம் சிரிக்கிறாளே, அந்த அம்மாவைக் காய் நறுக்குகிற பலகையில் போட்டுக் கேட்டார்கள், மனுஷி முகத்தில் எப்படிக் கத்தி வைப்பது என்று அப்பாவுக்குக் கோபம், ஆனால் அதுதான் முதலில் தீர்ந்தது. கடைக்கார அம்மா இப்போது புதிதாக ஒன்று கேட்டாள். கல்யாண வீட்டுக்கும் புதுவீட்டுக்கும் கொடுக்கிற மாதிரி ஒரே படத்தில் முழு சமையலறை செட், கப், ஏப்ரன், ட்ரே, சூடான பாத்திரம் பிடிக்கிற கையுறை எல்லாம். படம் எது என்று கேட்டதற்கு, பால் ஊற்றுகிற பெண் என்றாள். அதுதான், ஜன்னலோரம் நின்று பழுப்புக் குடுவையிலிருந்து பால் ஊற்றுவாளே, மஞ்சள் ரவிக்கை, நீல முந்தானை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேஜையில் ரொட்டி. இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

இதோ ஒரு நிமிஷம், வாசலில் வேன் சத்தம் கேட்டது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பக்கத்து வீட்டுக்கு வந்த வண்டி. இப்படித்தான் இருக்கிறேன் பத்து நாளாக. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய், துணியையும் எடுக்காமல் பாலையும் பொங்கவிட்டேன்.

நம் வேலை உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் நீ போய் வருஷமாகிவிட்டதே, அதனால் சொல்கிறேன். தாளில் படம் இடம் வலமாகத் திரும்பித்தான் அச்சாக வேண்டும், பிரஸ்ஸில் வைத்துச் சூடு கொடுத்தால் பீங்கானிலும் துணியிலும் நேராக விழும். எழுத்து இருக்கிற படம் என்றால் தப்பு உடனே தெரிந்துவிடும். வெறும் படத்தில் தெரியாது. அதற்காகத்தான் அப்பா பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கண்ணாடியை மாட்டி வைத்திருக்கிறார், ஒவ்வொரு தாளையும் அதற்குக் காட்டி, கண்ணாடிக்குள் படம் சரியாகத் தெரிந்தால்தான் மிஷினில் வைப்பார். பேக்கிங் அக்கா அதில் தலை வாரிக்கொண்டால் அது கண்ணாடி இல்ல, சூப்பர்வைசர் என்று சத்தம் போடுவாரே. இந்த செட்டையும் அப்படித்தான் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒவ்வொரு தாளையும் காட்டினார், தலையை ஆட்டினார், வைத்தார். சரக்கும் போய்விட்டது. மிச்சம் ஒரு ஏப்ரன் இருந்தது, நான் கட்டிக்கொள்ளலாம் என்று சமையலறை ஆணியில் மாட்டினேன். பக்கத்து அலமாரியில் நான் தினம் தேநீர் குடிக்கிற பழைய கப், அதிலும் இதே பெண்தான். பார்த்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்று வம்பு பேசுகிற மாதிரி இருக்கிறார்கள். கப்பில் ஜன்னல் இடது பக்கம். ஏப்ரனில் வலது பக்கம்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்ப மறந்திருப்பார், அதை நான் தப்பாகவே நினைக்கவில்லை, யாருக்கும் வரும். கடைக்கார அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, யாருக்கு ஆன்ட்டி தெரியப்போகுது, இருக்கறதுலயே இதுதான் நல்லா போகுது என்றாள். அவளுக்கு அது கப். எனக்கு அப்படி இல்லையே. மறந்தது போகட்டும், அத்தனை தாளையும் கண்ணாடியில் காட்டினாரே, ஒன்றிலாவது தெரியவேண்டாமா? ஜன்னல் தப்பான பக்கம் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சரி என்று தலையை ஆட்டினாரே.

அதற்கப்புறம்தான் நான் மற்றதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார், கடிக்கவில்லையா என்றால் புதுச் செருப்பு என்கிறார், அது போன வருஷம் வாங்கியது. சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, இடது கையை மறந்து நிற்கிறார். கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது, இந்தக் கதவை எவன் இங்க வச்சான் என்று கதவைத் திட்டுகிறார். இதெல்லாம் வயசு என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் தட்டில் இடது பக்கம் வைத்த காய் அப்படியே இருக்கிறது, தொடவே இல்லை. பிடிக்கலையா என்றேன், காயே வைக்கலியே நீ என்றார். விளையாடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தட்டைத் திருப்பி வைத்தேன். ஓ, இருக்கா என்று சாப்பிட்டார். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் தட்டைத் திருப்புகிறேன். சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி மோர் கொண்டு வருகிறேன்.

மருந்துக்கடைக்காரரிடம் யாரோ ஒருவருக்கு என்று கேட்டேன், அவர் யாரா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க, தள்ளிப் போடாதீங்க என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்கிறார். வேறு வழியில்லாமல் கப்பையும் ஏப்ரனையும் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம், கப்புதான் தப்பு, அந்தக் காலத்துல திருப்பிப் போட்டிருக்கேன், இப்பதான் சரியா வந்திருக்கு என்றார். போனில் அந்தப் படத்தைத் தேடிக் காட்டினேன். இதெல்லாம் நம்மள மாதிரி பிரிண்ட் போடறவன் ஏத்தி வச்சது, எவன் எதைத் திருப்பினானோ என்றார். கடைசியில் அவரே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். அசல் படம் வாலு ஊர் மியூசியத்துலதான் தொங்குது, அவ நேர்ல பாத்துச் சொல்லட்டும், ஜன்னல் இடது பக்கம்னு அவ வாயால சொன்னா நீ கூப்பிடற டாக்டர்கிட்ட வரேன், மூச்சு விடமாட்டேன் என்றார். எனக்கு உயிர் வந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போட்டோம். நினைவிருக்கிறதா உனக்கு? நீ எங்கோ அவசரமாக நடந்துகொண்டிருந்தாய், பின்னால் பஸ் சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, வாலு, அந்தப் பால் ஊத்தற பொண்ணு படத்துல ஜன்னல் வலது பக்கம்தானே என்றார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆமாப்பா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அம்மா என்ன சண்டை போடறாங்களா என்று சிரித்தாய். அவர் போனை வைத்துவிட்டு, கேட்டியா, கேஸ் முடிஞ்சுது என்று சீட்டியடித்துக்கொண்டே கீழே போனார். படியில் இடது தோள் சுவரில் உரசிக்கொண்டே போனது.

உன்மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், அன்று ராத்திரி முழுக்கக் கோபம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ என்றைக்குத்தான் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாய்? இந்த வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் நீ அப்பா கட்சி. மிஷின் ரூமில் மின்விசிறியை உடைத்தது அவர், நான்தான் என்று கை தூக்கியது நீ. உப்பு அதிகம் என்று அவர் சொன்னால் வாயில் வைக்காமலே ஆமாம் என்பாய். அப்போதெல்லாம் உள்ளுக்குள் எனக்கும் சிரிப்புதான். மியூசியத்துக்கும் நீ போனதே இல்லை என்று எனக்குத் தெரியும், கேட்கும்போதெல்லாம் பார்த்தேம்மா, சூப்பரா இருந்துச்சு என்கிறாய், எந்தப் படம் என்றால் எல்லாப் படமும் என்கிறாய். போகட்டும், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எங்கே நேரம். இப்போது நேரத்தை உண்டாக்கிக்கொள். கடிதம் கிடைத்த மறுநாளே போ. இந்த ஏப்ரனை எடுத்துக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் பிடித்துப் பார். காவலாளி ஏதாவது கேட்டால் கட்டிக்கொண்டே போ, மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தால் வெளியே நிற்கட்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஜன்னல் வலது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் நாம்தான் தப்பாகப் போட்டிருக்கிறோம், அப்பா இப்போதுதான் சரியாகப் போட்டிருக்கிறார், நான்தான் மடச்சி என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்படி இருக்காது என்று தெரிந்தும் வேண்டுகிறேன். தட்டில் காய் இருப்பது தெரியாத மனுஷரை ஒரு படம் காப்பாற்றிவிடாது. அதனால் இடது என்றால் இடது என்று சொல். அவர் முகம் வாடுமே என்று பார்க்காதே. இந்த ஒரு முறை அவர் தோற்க வேண்டும்.

இதை எழுதி மடித்துப் பார்சலுக்குள் வைத்துவிட்டேன். மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். வேன் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. தலை நிமிர்ந்தால் அப்பா பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, எதைப் படித்தாரோ தெரியாது. அவர் நேராகச் சமையலறைக்குப் போனார், அலமாரியிலிருந்து என் பழைய கப்பை எடுத்து, தானே காகிதம் சுற்றி, கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். இதையும் அனுப்பு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கட்டும் என்றார். தட்டை நீ திருப்பி வைக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அன்னிக்கு அவ பாக்காமதான் சொன்னா, அது எனக்கும் தெரியும், இந்த வாட்டி என் பக்கம் பேச வேண்டாம்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், சேர்ந்து சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். கப் உடையாமல் இருக்க ஏப்ரனில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கத்தி போடாதே. பார்த்ததும் மியூசிய வாசலில் நின்றே கூப்பிடு. இந்த முறை நானே ஸ்பீக்கரில் போடுகிறேன். அப்பா பக்கத்திலேயே இருப்பார்.

உன் அம்மா