கட்டாத கயிறு

பிப். 12, புதன்

காலையில் பனி. பத்து மணிவரை பக்கத்து மரம் தெரியவில்லை. மிளகு முற்றிவிட்டது, சரத்துக்கு இரண்டு மிளகாவது சிவப்பு. இந்த வாரம் பறிக்காவிட்டால் பாதி குருவிக்கு.

செய்ய வேண்டியது: சாக்கு உதற. களத்துப் பாய் தைக்க. மரமேறச் சடையனுக்குச் சொல்லியனுப்ப.

வி. போன் செய்தான். இருபத்தெட்டு வருடம் கழித்து. "நான்தான்டா" என்றான், பெயர் சொல்லாமல். குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்ற நினைப்பு. கண்டுபிடித்தேன். அதுவே எரிச்சல்.

மனைவி இறந்து ஒரு வருடமாம். வெள்ளிக்கிழமை வருகிறானாம், இரண்டு நாள். வா என்றேன். எதற்கு வரச்சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவன் வாயால் ஒரு வாக்கியம் வேண்டும்: வார்டனிடம் சொன்னது பொய். நாலு பேர் காதில் விழ வேண்டும். அன்று அவன் சொன்னதும் நாலு பேர் முன்னால்தான்.

13, வியாழன்

தலைவலி. சுக்குக் காப்பி இரண்டு முறை. பாய் தைத்தாயிற்று.

விடுதி, பதினான்காம் அறை. மழைக்கு ஒழுகியதால் இரண்டு கட்டிலையும் ஒரே மூலைக்கு இழுத்தோம். மழை நின்ற பிறகும் பிரிக்கவில்லை. முதலில் கையைப் பிடித்தது அவன்.

அவன் அப்பா சிறையில், அம்மாவை அடித்துக் கொன்றதற்கு. என் அப்பா வீட்டில், பம்ப்செட் பெல்ட்டோடு. யாருடைய அப்பா தேவலை என்று சண்டை போடுவோம், சிரிப்போம். என் முதுகுத் தழும்புகளுக்கு அவன் பெயர் வைத்திருந்தான். பெரியது காவிரி, சிறியது அய்யாறு. விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வான். அந்த முதுகை வேறு யாரும் அப்படித் தொட்டதில்லை. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி.

மூன்றாம் ஆண்டு யாரோ போட்டுக்கொடுத்தார்கள். வார்டன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் பையன்கள். "யார்றா ஆரம்பிச்சது? ஒருத்தன் இங்க படிப்பான், ஒருத்தன் ஊருக்குப் போவான்."

வி.: "இவன்தான் சார். நான் தூங்கிட்டிருந்தேன்."

அவன் படித்தான். நான் ஊருக்கு வந்தேன். அப்பா பெல்ட்டை எடுத்தார். முதுகில் இப்போது பெயரில்லாத ஆறுகளும் உண்டு. பட்டம் பிறகு தபாலில். எம்.ஏ.யும் தபாலில்.

14, வெள்ளி

நல்ல வெயில். சடையன் வரவில்லை. முள்ளுக்குறிச்சியில் சாவு, மூன்று நாளாகும். அவன் மனைவி காளியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் கைக்கு எட்டியவரை பறித்தார்கள்.

வி. சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கினான். மலை வளைவுகளில் வாந்தியாம். சந்தோஷம். தலை பாதி வழுக்கை. கையை நீட்டினான். அவன் பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

காளியம்மா: "ஏனுங்க சார், ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?"

"கூடப் படிச்சவரு."

"அட சாமி, உங்களுக்குக்கூடச் சேக்காளி உண்டுங்களா!"

பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "ஒரே ரூம்மா நாங்க" என்றான் அவளிடம். மூன்று வருடம், மூன்று சொல்லில் முடிந்தது.

குழம்பில் வேண்டுமென்றே உப்பு கூடுதல். இரண்டாம் முறையும் ஊற்றிச் சாப்பிட்டான்.

மரமேற ஆளில்லை என்று தெரிந்ததும், "நான் ஏறுறேன். ஹாஸ்டல் தண்ணித் தொட்டி மேல யாருடா ஏறினது?"

நாளைக்கு என்றேன்.

15, சனி

நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இங்கே மிளகுக்கு ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் விட்ட கட்டைகள்தான் படி. ஏறுகிறவன் மேலே போனதும் முதல் வேலையாக ஏணித் தலையை மரத்தோடு கயிற்றால் கட்டுவான். "கட்டியாச்சு" என்று குரல் கொடுப்பான். அதுவரை கீழே பிடித்திருப்பவன் கையை எடுக்கக் கூடாது. மலையில் குழந்தைக்கும் தெரியும். வி.க்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கயிறு என் தோளிலேயே.

ஏறினான். இருபது அடி. மடிச் சாக்கில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு வார்டன்கிட்ட என்னடா சொன்ன?" சத்தமாகத்தான் கேட்டேன். பெண்கள் திரும்பினார்கள்.

பறித்தபடி இருந்தான்.

கையை எடுத்தேன். இரண்டையும்.

ஏணி ஒரு சாண் நழுவியது. குனிந்தான். என் கையைப் பார்த்தான். தோளில் இருந்த கயிற்றைப் பார்த்தான்.

காளியம்மா: "அய்யோ, கவுறே கட்டலீங்களே! புடிங்க சார், புடிங்க!"

அவன் பிடி என்று கேட்கவில்லை. தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "பொய் சொன்னேன். நான்தான் மொதல்ல இவன் கையப் புடிச்சேன். நான்தான் ஆசப்பட்டேன்."

பிறகுதான் பிடித்தேன். காளியம்மா ஓடிவந்து என்னை இடித்துக்கொண்டு அவளும் பிடித்தாள். அவன் இறங்கியதும் என்னிடம்: "உங்க சண்ட எனக்கு வேண்டாமுங்க. ஆனா ஏணில ஏத்திவச்சுக் கேக்காதீங்க. ஏணில நிக்கறவன் எத வேணாலும் சொல்லுவானுங்க."

வாக்கியம் கிடைத்தது. மூன்று பெண்கள் காதில் விழுந்தது. பயத்தில் சொன்னானா, சொல்லத்தான் வந்தானா? இனி எப்படித் தெரியும்? வார்டனுக்கும் இப்படித்தான் ஒரு வாக்கியம் கிடைத்தது. நானே பாழாக்கிவிட்டேன். அதற்கும் அவன்மேல்தான் கோபம்.

16, ஞாயிறு

மறுபடி பனி. பஸ் பத்தரைக்கு. அவன் பை வாசலில் தயார், ஆள் இல்லை.

தோட்டத்தில் நின்று காளியம்மாவிடம் முடிச்சுக் கற்றுக்கொண்டிருந்தான். "அப்படி இல்லீங்க, ரெண்டு சுத்து சுத்தோணும்." முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதும். மூன்றாவது நின்றது.

"புடிடா" என்றான் என்னிடம். "கட்டிட்டுச் சொல்றேன். அப்பவாச்சும் நம்புவியா பாக்கலாம்."

நம்பமாட்டேன் என்றேன். பிடித்தேன்.

பனியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. கயிறு மரத்தில் உரசும் சத்தம். "கட்டியாச்சு." பிறகு நேற்றைய அதே வார்த்தைகள். கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி. கொஞ்ச நேரம் மிளகு பறிக்கும் சத்தம்.

"நீ ஊருக்கு வந்தப்ப உங்கப்பா அடிச்சாராடா?"

மன்னிக்கவில்லை. தெளிவாக எழுதிவைக்கிறேன்.

"பஸ்ஸு போயிரும்" என்றேன்.

"போகட்டும். அதான் கட்டிட்டேன்ல. கைய விடு."

விடவில்லை.